ஒரே ரிவால்வர்தான் என்றால் எந்த மேக்னம்?

கோத்தகிரியிலோ குன்னூரிலோ கரடி ஒன்று இரவில் கடைக் கதவைப் பெயர்த்துவிட்டுப் போனால், மறுநாள் காலை தேநீர்க் கடைப் பெஞ்சில் யாராவது ஒருவர், "கையில ஒரு மேக்னம் இருந்தா போதும்ங்க, கரடி என்ன, காட்டெருமையே திரும்பிப் பார்க்காம ஓடிரும்" என்று சொல்லாமல் இருப்பதில்லை. பெஞ்சில் இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். அவர்களில் ஒருவர் மேக்னத்தை ஒரு கம்பெனியின் பெயராக நினைத்திருப்பார்; இன்னொருவர் பெரிய துப்பாக்கிகளுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயர் என்று நினைத்திருப்பார்; மூன்றாமவர் எதையும் ஒரே வெடியில் சாய்க்கும் தனிவகைக் குண்டு என்று நினைத்திருப்பார். மூன்றுமே தவறு.

இது துப்பாக்கி வாங்கச் சொல்லும் கட்டுரை அன்று. கைத்துப்பாக்கி சட்டப்படி எளிதில் கிடைக்கும் அமெரிக்கா போன்ற நாட்டில், குறிசுடும் பயிற்சி, காட்டு நடை, வீட்டுக் காவல் என அனைத்துக்கும் ஒரே ரிவால்வரை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் எந்த மேக்னத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பேசப்படும் கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால் மேக்னம் என்ற சொல்லின் பொருளும் வழியிலேயே தெளிந்துவிடும் என்பதால் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். நம் மலையின் நிலைமையைப் பிறகு பார்ப்போம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

பேச்சில் குண்டு, தோட்டா, ரவை என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்வதே முதல் குழப்பம். தோட்டா என்பது முழுப் பொட்டலம். அதன் பித்தளை உடலுக்குக் கூடு என்று பெயர். கூட்டின் அடியில், அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் கேப்பு இருக்கிறது. உள்ளே வெடிமருந்து இருக்கிறது. வாயில் செருகப்பட்டிருக்கும் ஈயத் துண்டுதான் குண்டு. சுட்டால் பறந்து செல்வது குண்டு மட்டுமே; வெற்றுக் கூடு ரிவால்வரின் உருளைக்குள் தங்கிவிடும். உருளை என்பது ஐந்தாறு தோட்டாக்களை அறை அறையாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் ஓர் அறையைக் குழலுக்கு நேராகச் சுழற்றிக் கொண்டுவரும் பாகம்.

மருந்தைப் பற்றி அருவங்காட்டில் வளர்ந்தவனுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தைக் கடிகாரத்தைவிடக் கார்டைட் ஃபேக்டரியின் சங்கொலியே முடிவு செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு அமைத்த அந்த ஆலைக்குப் பெயர் தந்த கார்டைட், மெல்லிய கயிறுபோல இழைகளாக இழுக்கப்பட்ட புகையற்ற மருந்து. புகையற்ற மருந்து சிறிதளவு திறந்த வெளியில் கிடந்து தீப்பற்றினால் வெடிப்பதில்லை; காய்ந்த யூகலிப்டஸ் சருகைப்போலப் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். மூடிய கூட்டுக்குள் எரியும்போதுதான், வெளியேற இடமில்லாத வாயு அழுத்தமாக மாறிக் குண்டைத் தள்ளுகிறது. அரிசி வேகும் குக்கரிலும் வாயு அடைபட்டுத்தான் அழுத்தம் எழுகிறது, அளவுதான் வேறு. குக்கரின் வெயிட் ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ.யில் எழும்பிவிடும். ஒரு சதுர அங்குலப் பரப்பை எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்னும் கணக்கே பி.எஸ்.ஐ. மேக்னம் தோட்டாவின் கூட்டுக்குள் அது 35,000-ஐயும் தாண்டலாம்.

நீளம் கூடியது எதற்காக

மேக்னம் என்பது 'பெரிய' என்று பொருள்படும் லத்தீன் சொல். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் ஷாம்பெயின் பாட்டிலுக்கு, அதாவது வழக்கமான பாட்டிலைப்போல் இரண்டு மடங்கானதற்கு, அந்தப் பெயர் முன்பே வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் அதை வலிமை கூடிய தோட்டாக்களுக்கு இரவல் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே மேக்னம் என்பது தோட்டாவின் அடைமொழி. அந்தத் தோட்டாவை ஏற்கும் துப்பாக்கிக்கும் பேச்சுவழக்கில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

கைத்துப்பாக்கி உலகில் இதன் கதை .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவிலிருந்து தொடங்குகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1898-இல் கொண்டுவந்த அதன் கூடு, அதிக இடம் பிடிக்கும் பழைய கருமருந்தை மனத்தில் வைத்து அளவிடப்பட்டது. புகையற்ற மருந்து வந்தபின் அந்தக் கூட்டுக்குள் நிறைய இடம் வெறுமையாகக் கிடந்தது. அமெரிக்கப் போலீசார் 1930-களில் காரின் தகட்டைத் துளைக்கும் தோட்டா வேண்டும் என்று கேட்டபோது, அந்த வெற்றிடத்தில் மருந்தைக் கூட்டினாலே போதும் என்பது வல்லுநர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அப்படிக் கூட்டிய தோட்டாவை யாராவது பழைய, மெலிந்த .38 ரிவால்வரில் போட்டுவிட்டால் உருளையே பிளந்துவிடலாம். எனவே 1934-இல் .357 மேக்னத்தை வடிவமைத்தவர்கள் கூட்டை ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீட்டினார்கள். .38 ஸ்பெஷலின் கூடு 29.3 மி.மீ.; .357 மேக்னத்தின் கூடு 32.8 மி.மீ. அந்தக் கூடுதல் நீளத்தின் முதன்மையான வேலை மருந்துக்கு இடம் தருவதன்று. தவறான துப்பாக்கிக்குள் நுழையவிடாமல் தடுப்பது.

ஊட்டியில் கீசர் இல்லாத வீடு குறைவு என்பதால் ஓர் ஒப்புமை எளிதாகக் கிடைக்கிறது. கீசரின் 15 ஆம்பியர் பிளக் சாதாரண 5 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. நுழைந்தால் ஒயர் கருகும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு அளவுத் துளைகளும் உள்ள பெரிய சாக்கெட்டில் கீசரையும் செருகலாம், செல்போன் சார்ஜரையும் செருகலாம். .357 ரிவால்வர் அந்தப் பெரிய சாக்கெட். அதில் .357 தோட்டாவும் போகும், நீளம் குறைந்த .38 தோட்டாவும் போகும். .38 ரிவால்வரில் .357 தோட்டா போகாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், குண்டின் விட்டம் மாறாமல், கூட்டுக்குள் எழும் அழுத்தம் மட்டும் உயர்வதே மேக்னம். .38 ஸ்பெஷலுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ.; .357 மேக்னத்துக்கு அது 35,000.

எண்களை நம்பி ஏமாற வேண்டாம்

.38 என்பது .357-ஐவிடப் பெரிய எண்ணாயிற்றே, பிறகு ஏன் அது வலுக்குறைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எண்கள் அங்குலத்தின் பின்னங்கள். .38 என்பது பழைய காலத்து அளவிடும் முறையின் எச்சம். இரண்டிலும் உள்ள குண்டின் விட்டம் ஒன்றே, ஏறத்தாழ 9.07 மி.மீ. இதே உறவு .44 ஸ்பெஷலுக்கும் 1955-இல் வந்த .44 மேக்னத்துக்கும் உண்டு. அவற்றின் குண்டு ஏறத்தாழ 10.9 மி.மீ. இடையில் .41, மேலே 2003-இல் வந்த .500 என்று வேறு மேக்னங்களும் இருக்கின்றன; முதல்முறை படிப்பவருக்கு அவை தேவையில்லை.

வலிமையை ஒப்பிட ஜூல் என்ற அலகு போதும். நூறு கிராம் பொருளை ஒரு மீட்டர் உயரம் தூக்கச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு ஜூல். நம் நாட்டில் உரிமத்துக்குப் பரவலாகக் கிடைக்கும் .32 ரிவால்வரின் குண்டு ஏறத்தாழ 150 ஜூல் ஆற்றலோடு வெளியேறுகிறது. .38 ஸ்பெஷல் 270 வாக்கில், .357 மேக்னம் 700-ஐ ஒட்டி, .44 மேக்னம் 1,000-இலிருந்து 1,300 வரை. தோட்டாவின் வகையையும் குழலின் நீளத்தையும் பொறுத்து இவை ஏறி இறங்கும். 700 ஜூல் என்பது எழுபது கிலோ மனிதர் ஒருவரை ஒரு மீட்டர் உயர்த்தும் ஆற்றல்தான். ஒரு டன் எடைவரை வளரும் காட்டெருமையைப் பற்றிப் பேசும்போது இந்த ஒப்பீட்டை மறக்காமல் இருப்பது நல்லது.

உதை எங்கே போகிறது

மேக்னத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குண்டு போகும் திசையை மட்டும் பார்க்கிறார்கள். அதே அளவு தள்ளல் எதிர்த் திசையில், சுடுகிறவரின் உள்ளங்கையிலும் விழுகிறது. இதற்குப் பின்னுதைப்பு என்று பெயர்.

ஊட்டி ஏரியிலோ கொடைக்கானல் ஏரியிலோ படகிலிருந்து துறைப் படிக்கட்டுக்குத் தாவியவர்களுக்கு இது புரியும். சிறிய பெடல் படகிலிருந்து தாவினால் படகு சட்டென்று பின்னால் விலகும், தாவுகிறவரின் கால் தண்ணீரில் நனைவதும் உண்டு. பத்துப் பேர் அமர்ந்திருக்கும் படகிலிருந்து தாவினால் அது அசைந்ததாகவே தெரியாது. ரிவால்வரும் அப்படித்தான். நான்கு அங்குலக் குழலும் எஃகு உடலும் கொண்ட நடுத்தர .357 ரிவால்வர், எடுத்துக்காட்டாக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 அல்லது ரூகர் ஜி.பி. 100, ஏறத்தாழ 1.1 கிலோ இருக்கும். சட்டைப்பைக்கென்று இலகு உலோகக் கலவையில் செய்யப்பட்ட சில .357 ரிவால்வர்கள் 350 கிராமைக்கூட எட்டுவதில்லை. இரண்டும் ஒரே தோட்டாவைச் சுட்டால், இலகுவானது கையில் இறக்கும் உதையின் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். கடையில் கையில் எடுத்துப் பார்த்து 'அட, எவ்வளவு லேசா இருக்கு' என்று மகிழ்கிறவர் முதல் தோட்டாவைச் சுட்டபின் அவ்வாறு மகிழ்வதில்லை.

அமெரிக்காவில் வசிக்கும் என் மைத்துனர் என்னை ஒரு சுடுதளத்துக்கு அழைத்துச் சென்றபோது, ஆசையை அடக்க முடியாமல் .44 மேக்னத்தையே முதலில் கேட்டு வாங்கினேன். ஆறு தோட்டாக்களில் இரண்டு மட்டுமே அட்டையில் பட்டன. மைத்துனர் ஒன்றும் சொல்லாமல் ஒரு .357 ரிவால்வரை எடுத்து, எனக்குத் தெரியாமல் உருளையின் ஆறு அறைகளில் இரண்டில் சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைச் செருகி, மூடிக் கையில் கொடுத்தார். மூன்றாவது முறை விசையை இழுத்தபோது 'டிக்' என்ற ஒலி மட்டுமே எழுந்தது. ஆனால் குழலின் முனை இரண்டு விரற்கடை கீழே குத்திட்டு நின்றது. "பாத்தீங்களா மச்சான், வெடிக்கவே இல்ல, நீங்க முன்னாடியே அமுக்கிட்டீங்க" என்று சிரித்தார். உதை வரப்போகிறது என்று அஞ்சிக் கை முன்கூட்டியே எதிர்த்து அமுங்குவதை முன்பதற்றம் என்று சொல்லலாம். .44 என் கைக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அதன்பின் ஐம்பது .38 ஸ்பெஷல் தோட்டாக்களை மெதுவாகச் சுட்டபோதுதான் ஓட்டைகள் அட்டையின் நடுவை நோக்கி நகர ஆரம்பித்தன.

ஒலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேக்னத்தின் வெடியொலி 160 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேற்பட்ட ஒரே வெடிகூடக் காதை நிரந்தரமாகப் பாதிக்கலாம். காதுக் கவசம் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

பின்னுதைப்பு துப்பாக்கியின் எடையைப் பொறுத்து மாறும். தாங்க முடியாத உதை முன்பதற்றமாகப் பதியும். முன்பதற்றம் குறியைக் கெடுக்கும். தேர்வைப் பற்றிய எல்லாமும் இதிலிருந்தே தொடங்குகிறது.

ஒன்றே எல்லாவற்றுக்கும் என்றால்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எஞ்சினுக்கு வலிமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் அதை உதவச் செய்வது முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். டாப் கியர் மட்டுமே உள்ள வண்டியை, அதன் எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும், மலையில் யாரும் வாங்க மாட்டார்கள். எல்லா வேலைக்கும் உரிய ரிவால்வரை அதன் உச்ச வலிமையைக் கொண்டு மதிப்பிடக் கூடாது, எவ்வளவு கீழிறங்கிச் சுட முடியும் என்பதையும் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் துணிபு.

இந்த அளவுகோலில் .357 முன்னால் நிற்கிறது. பயிற்சிக்கு மென்மையான .38 ஸ்பெஷல், அதே .38-இல் சற்று வலுவான வகை, அதன்மேல் மிதமான .357, கடைசியாகக் கடினமான ஈயத்தில் வார்த்த கனமான குண்டு கொண்ட .357 என்று ஒரே உருளையில் நான்கு படிகள் கிடைக்கின்றன. .38 ஸ்பெஷல் உலகிலேயே மிகப் பரவலாக விற்கும் ரிவால்வர் தோட்டாக்களில் ஒன்று என்பதால் பயிற்சிக்குச் செலவும் குறைவு. .44 மேக்னம் ரிவால்வரிலும் .44 ஸ்பெஷலைப் போட்டுச் சுடலாம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் தோட்டா எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கூடுதல், துப்பாக்கியும் கனமானது. அலாஸ்காவின் பழுப்புக் கரடிகள் நடமாடும் ஆற்றங்கரையில் மீன்பிடித்து வாழ்கிறவருக்கு .44 பொருந்தும். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் பெருமைக்கு வாங்கி அலமாரியில் கிடப்பதாகவே முடிகிறது.

குழலின் நீளத்தில் நான்கு அங்குலம் நல்ல நடுவழி. இரண்டு அங்குலக் குழலில் மருந்தின் ஒரு பகுதி வெளியே வந்து வெளிச்சமாகவும் ஓசையாகவும் வீணாகிறது. ஆறு அங்குலக் குழல் குண்டுக்குச் சற்றுக் கூடுதல் வேகம் தருவதோடு பார்வைத்தொலைவையும் நீட்டுகிறது. குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரமே பார்வைத்தொலைவு. அது நீண்டால் கண்ணின் சிறு பிழைகள் எளிதில் தெரியும். ஆனால் இடுப்பு உறையில் ஆறு அங்குலம் உட்காரும்போது தொடையில் குத்தும். பின்குறி திருகித் திருத்தக்கூடியதாக இருப்பது கட்டாயம், ஏனெனில் .38-உம் .357-உம் ஒரே இடத்தில் படாது.

விசையைப் பற்றி ஒரு சொல். கேப்பை அடிக்கும் சுத்தியை முன்பே கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டுச் சுடுவது ஒற்றைச் செயல். விசையை இழுக்கும்போதே சுத்தி எழுந்து விழுவது இரட்டைச் செயல். இரட்டைச் செயலுக்கு ஐந்து கிலோவை ஒட்டிய இழுப்பு வேண்டும். தொடக்கக்காரர்கள் எளிதானதிலேயே தங்கிவிடாமல் கடினமானதையும் பழக வேண்டும்.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே நூலிழை அளவு இடைவெளி இருக்கிறது. உருளை சுழல அது தேவை. சுடும்போது அந்த இடைவெளி வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். இன்னொரு கையால் குழலைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று விரலை முன்னே நீட்டுகிறவர், மேக்னத்தில் விரலையே இழக்கலாம். இரு கைகளும் உருளைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

நம் மலையில் நிலைமை

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தனியாருக்கான வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி எண்பதுகளிலேயே நின்றுவிட்டது. ஆகவே உரிமம் பெற்றவர் கையில் பெரும்பாலும் இருப்பது கான்பூரில் அரசு ஆலை செய்யும் .32 ரிவால்வர். அதே வரிசையில் 2014-இல் வந்த, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள நிர்பீக் என்ற ரிவால்வரும் .32 தான்.

இந்த .32-ஐப் பொம்மை என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இருபத்தைந்து மீட்டர் சென்டர்ஃபயர் போட்டிகளில், அதாவது கூட்டின் அடியில் நடுவே கேப்பு உள்ள தோட்டாக்களால் சுடும் போட்டிகளில், உலகின் சிறந்த குறிசுடுநர்கள் விரும்பிப் பயன்படுத்திவரும் தோட்டாக்களில் ஒன்று இந்த ரிவால்வரில் போடும் அதே .32 லாங். உதை குறைவு, குறி துல்லியம். முன்பதற்றத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் வைத்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி கரடிக்கும் காட்டெருமைக்கும் வருவோம். நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரு விலங்குகளும் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. உயிர் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை என்பது உண்மையே; ஆனால் சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கணக்கு உதவாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்தி நேரத்தில் எதிர்ப்படும் கரடி, பெரும்பாலும் நாலைந்து மீட்டரில்தான் கண்ணில் படும். அந்த நொடியில் உறையைத் திறந்து, எடுத்து, குறிவைத்து, பயிற்சியில்லாத கையால் ஓடிவரும் விலங்கைச் சுட்டு நிறுத்தலாம் என்பது தேநீர்க் கடைக் கணக்கு. காயம்பட்ட கரடி அடுத்து அந்த வழியே இலை பறிக்க வரும் பெண்களுக்குத்தான் ஆபத்து. பேசிக்கொண்டே நடப்பதும், கையில் நல்ல டார்ச் வைத்திருப்பதும், வனத்துறைக்குத் தகவல் சொல்வதும் எந்த மேக்னத்தையும்விட அதிக உயிர்களைக் காக்கும்.

மூடுபனியும் துருவும்

கடைசியாக, எந்த அளவு ரிவால்வரானாலும் மலையில் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது ஈரம். கோத்தகிரியில் சிறு தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தந்தை வழியாக உரிமத்தோடு தமக்கு வந்த .32 ரிவால்வரை ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். தோல் உறையின் மடிப்பில் பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது. உறையைக் கழற்றியபோது, உள்ளே தையல் ஓடிய கோட்டின் வடிவிலேயே குழலின்மேல் பழுப்புத் துரு புள்ளி புள்ளியாகப் பிடித்திருந்தது. "பத்திரமா இருக்கட்டும்னுதான் தம்பி உறைக்குள்ளயே போட்டு வெச்சேன்" என்றார். தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோலைப் பதனிடச் சேர்த்த உப்புகளும் எஃகை அரிக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே உரியது, வைத்திருப்பதற்கு அன்று.

தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ளவர் மலைக்குத் துருப்பிடிக்காத எஃகையே எடுக்க வேண்டும். அதற்கும் எண்ணெய்த் துடைப்பு தேவை. .357-இல் .38-ஐ நிறையச் சுடுகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குட்டையான கூடு முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம்போலப் படியும். அதைத் தூரிகையால் தேய்த்து எடுக்காவிட்டால், பிறகு நீளமான .357 தோட்டா முழுதாக உள்ளே இறங்காது.

பெரியவர் இப்போது உறையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டார். ரிவால்வர் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு, பூட்டிய பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. தோட்டாக்கள் வேறொரு பூட்டில். பட்டுப்புடவைகளுக்கும் கேமராவுக்கும் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே பலர் செய்வதுபோல, ஜூன் மாதம் தொடங்கியதும் அந்தத் தட்டுக்குக் கீழே ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டுவிடுகிறார்.